பழி எல்லாம் மீன்மேலா?

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மணல்திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். இறால், நண்டு, மடவை பிடித்துப் பிழைக்கும் ஊர். இந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் காலோ கையோ திடீரென வீங்கிச் சிவந்தால், “யூரிக் ஆசிட் ஏறிப்போச்சு, மீனை விட்டுடுங்க” என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மைதான்.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரையாமல் ஊசி ஊசியாக மூட்டில் படியக்கூடும். இதுதான் ‘கவுட்’. பெரும்பாலும் கால் கட்டைவிரலில், நள்ளிரவில் தொடங்கும்; போர்வை பட்டால்கூடத் தாங்காது. மத்தியும் நெத்திலியும் இறாலும் அந்த அளவைக் கூட்டுபவைதான். ஆனால் பெரும்பாலோருக்கு மூலக்காரணம், சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாததே. மதுவும், பிரஷருக்குத் தரும் சில நீர் மாத்திரைகளும் நிலைமையை மோசமாக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இது வரும்.

இந்த ஊசிகளை நுண்ணோக்கியில் முதலில் கண்டவர் ஹாலந்தின் லேவன்ஹுக், 1679இல். அப்போது பழவேற்காடு டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் என்பது சுவையான தற்செயல். மூட்டு நீரில் இருப்பது யூரிக் ஆசிட் உப்புதான் என்று 1961இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் காட்டினார்கள். மறு ஆண்டே இன்னொரு படிகம் பிடிபட்டது: கால்சியம் பைரோபாஸ்பேட்.

முதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். 60 வயதுக்கு மேல் முழங்காலையோ மணிக்கட்டையோ தாக்கும். காய்ச்சலுக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு தலைகாட்டும். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நோய்க்காக மீனை நிறுத்தும் பாட்டிக்கு நல்ல புரதம் போவதுதான் மிச்சம்.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது; வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் சரியான அளவில்கூடக் காட்டும். மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. கிருமித் தொற்றா என்பதும் அதில்தான் தெரியும்.

இரண்டு வகைக்கும் தரப்படும் கால்சிசின் மருந்து, நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ளது. அதற்காகக் கிழங்கைத் தின்று பார்க்காதீர்கள், கொடிய விஷம்.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் வேண்டாம். தளர்ந்த சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். மூட்டு வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.