ஹோண்டா என்எஸ்ஆர் 150 எஸ்பி
தாய்லாந்துத் தயாரிப்பு, 1990கள்

பின்சக்கரத்தைப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கைதான் அதைத் தாங்குகிறது. ‘புரோ-ஆர்ம்’ எனப்படும் இந்த அமைப்பு பந்தய வண்டிகளிலிருந்து வந்தது. 150 சிசி மோட்டாரில் இது ஓர் ஆடம்பரம்தான். ஆனால் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து ஸ்கூடாய் நகர இளைஞர்கள் சொக்கியது அதில்தான்.

149 சிசி, ஒற்றைச் சிலிண்டர், இரு வீச்சு இயந்திரம், நீர்க் குளிரூட்டல், ஆறு கியர். சுழற்சி ஏறும்போது புகைபோக்கி வாயிலில் ‘ஆர்சி வால்வு’ திறக்கும். அதுவரை சாதுவாக ஓடிய வண்டி அந்த நொடியில் பாயும். பெட்ரோலோடு டூ-டி எண்ணெயும் சேர்ந்து எரிவதால் வால்வில் கரி படியும். கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் வேகம் செத்துவிடும். வைத்திருப்பவருக்கு ஓட்டுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரமே அதிகம் என்பது மிகையல்ல.

அந்த இளைஞர்களின் ஆசைக்கு எண்ணெய் வார்த்தது பந்தயத் திடல். 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ, ஸ்கூடாய்க்குக் கிழக்கே பாசிர் கூடாங்கிலுள்ள ஜோகூர் திடலில் நடந்தது. அவ்வாண்டு மிக் டூஹன் ரெப்சோல் ஹோண்டா என்எஸ்ஆர் 500இல் தொடர்ந்து ஐந்தாவது முறையாக உலகப் பட்டம் வென்றார். அதே ரெப்சோல் வண்ணத்தில் இந்தச் சிறிய தம்பியும் கடைக்கு வந்தது.

பழைய வண்டி வாங்க எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலுறையின் பளபளப்பில் மயங்காதீர்கள். இயந்திர எண்ணும் சட்டக எண்ணும் ‘கிராண்ட்’ எனப்படும் வண்டிப் பதிவு ஆவணத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.