பாம்பு ஏன் பட்டினி கிடக்கிறது?

போன வாரம் வரை பொழுது சாய்ந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்த பாம்பு இப்போது மூலையில் சுருண்டு கிடக்கிறது. எலியைப் போட்டால் சீண்டுவதில்லை. கை நீட்டினால் வாலைப் படபடவென்று அதிர வைக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கைத் தாயகமாகக் கொண்ட, விஷமற்ற 'கார்ன் ஸ்நேக்' வளர்ப்பவர்களில் இந்தக் கவலைக்குத் தப்பியவர்கள் குறைவு.

பெரும்பாலும் இது நோயல்ல. கண்கள் பால் படர்ந்தது போல் வெளுத்து, தோலின் நிறம் மங்கியிருந்தால் பாம்பு சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். பார்வை தெளிவில்லாததால் அதற்குப் பயம், பயத்தால் எரிச்சல். கண் தெளிந்த சில நாட்களில் சட்டை கழன்றுவிடும், பசியும் திரும்பும். அதுவரை கையில் எடுக்காமல், ஒளிய இடமும் தண்ணீரும் கொடுத்தால் போதும். இணைசேரும் பருவத்தில் ஆண் பாம்புகள் வாரக்கணக்கில் இரை மறுப்பதும் உண்டு.

கவலைப்பட வேண்டியது வேறு. விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகளோ பெட்டிக்குள் சூடேற்றும் விளக்கை வைக்கச் சொல்கின்றன. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெதுவெதுப்பான மூலைக்கும் குளிர்ந்த மூலைக்கும் மாறி மாறிப் போய்த்தான் சமாளிக்கிறது. இங்கே கிடைக்காதது அந்தக் குளிர்ந்த மூலைதான். ஓயாமல் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தால் சூடு தாங்கவில்லை என்றோ, செதில்களுக்கிடையே உண்ணி புகுந்துவிட்டது என்றோ சந்தேகிக்கலாம். ஜூன் மழையின் ஈரத்தை அது தாங்கும். காற்றோட்டமில்லாத ஈரத்தைத் தாங்காது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, வயிற்றுச் செதில்களில் புண், விழுங்கிய இரையைக் கக்குவது, கண்கூடாக இளைப்பது: இவை தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லித்தர விற்பவர் வருவதில்லை. பல பாம்புகள் வரும் வழியே கள்ளத்தனமானது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்களும் 8 கார்ன் ஸ்நேக்குகளும் சுங்கத் துறையிடம் பிடிபட்டன.

புரியாத பாம்பு பயமுறுத்துகிறது. பயந்தவர் செய்யக்கூடிய பெரிய தவறு, இரவோடு இரவாக அதைப் புதரில் விட்டுவிடுவது. கரீபியன் கடலின் கிராண்ட் கேமன் தீவில் வெளியாரான இந்தப் பாம்பு காட்டில் வேரூன்றியே விட்டது. விழிஞ்ஞத்துத் தென்னந்தோப்பில் பிழைத்தால் உள்ளூர்ப் பல்லிக்கும் பறவைக் குஞ்சுக்கும் ஆபத்து. மனிதர் கண்ணில் பட்டால் தடியடியில் அதற்கே முடிவு.

ஒழுங்காகப் பேணினால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடிய பிராணி இது. குரலில்லாத அதற்குப் பட்டினியும் பதுங்கலும்தான் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.