ஓய்வு விசாவில் வேலைக்கு இடமில்லை

ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தாய்லாந்தின் சியாங் மாய், ஹுவா ஹின் நகரங்களில் குடியேறிய மேற்கத்தியர் ஏராளம். 50 வயது நிரம்பி, வங்கியில் 8 லட்சம் பாட் இருப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்டினால் ஓய்வு விசாவுக்கு வழியுண்டு. கைப்பணம் கரைந்து, மறுபடி முழுநேர வேலை தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பிரிட்டன்காரர்களின் பாடு இதில் பெரும் பாடு. அவர்களது அரசு ஓய்வூதியம் உள்நாட்டில் ஆண்டுதோறும் உயர்கிறது. தாய்லாந்தில் குடியிருந்தால் உயராது. இருபது ஆண்டு கழிந்தாலும் அதே தொகைதான். கனடா, ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்களுக்கும் இதே கதி. உழைத்த காலமெல்லாம் இந்த ஓய்வூதியத்துக்காகத் தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டியவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி இது.

வேலைக்குப் போகலாமென்றால் ஓய்வு விசா அதை அனுமதிப்பதில்லை. முதலில் வேலை தர ஒரு நிறுவனம் வேண்டும். பிறகு அதற்குரிய விசா, தொழிலாளர் துறையின் பணி அனுமதி. சுற்றுலா வழிகாட்டி, முடிதிருத்துதல் போன்றவை உள்நாட்டவருக்கே ஒதுக்கப்பட்டவை. பட்டம் பெற்றவர்களுக்கு ஆங்கில ஆசிரியர் வேலை ஒரு வாசல்.

அமெரிக்கர்களுக்கோ வேறொரு கணக்கு. முழு ஓய்வு வயதுக்கு முன்பே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுபவர், அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்படாத வேலையில் வெளிநாட்டில் மாதம் 45 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால், அம்மாத ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும். சம்பளம் சொற்பமானாலும் விதி மாறாது. 1960இலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு அந்த முழு ஓய்வு வயது 67.