முட்டிக்குள் ஒரு தயிர் வடை

ஜனவரியில் சென்னை மாரத்தான் என்றால், அதற்கு இரண்டு மாதம் முன்பே ஓட்டத்தைப் பற்றிய கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் ஒன்று, நாற்பதைத் தாண்டிய ஒரு வாசகருடையது. "சார், ஆறு மாதமாகக் காலையில் ஓடுகிறேன். பெரியப்பா பார்க்கும்போதெல்லாம் 'நடந்தா போதும்டா, ஓடினேன்னா அம்பது வயசுல முட்டி மாத்தணும்' என்கிறார். பக்கத்து வீட்டு நண்பரோ, ஒரு மணி நேரம் ஓடினால் ஆயுளில் ஏழு மணி நேரம் கூடும் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

நண்பரை முதலில் முடித்துவிடலாம், அவர் சுலபம். அந்த ஏழு மணி நேரக் கணக்கு 2017-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் நிஜமாகவே இருக்கிறது. வாட்ஸப்புக்கு வந்து சேர்வதற்குள் அதன் வால் அறுந்துவிட்டது. இந்த வரவு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும் என்று அதே ஆய்வாளர்கள்தான் சொன்னார்கள். அந்த வரியை விட்டுவிட்டுப் பெருக்கினால், தினமும் நாலு மணி நேரம் ஓடுகிறவர் தினமும் 28 மணி நேரம் சம்பாதிப்பார். நாளுக்கு 24 மணி நேரம்தான் என்பதால் அவர் சாகவே முடியாது.

எதிர்த்திசைப் பரபரப்பும் உண்டு. 2015-ல் கோபன்ஹேகன் ஆய்வொன்றை வைத்து, 'அதிகம் ஓடுவதும் ஓடாமலே இருப்பதும் ஒன்று' என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி போட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், கடுமையாக ஓடியவர்கள் என்ற பிரிவில் இருந்தவர்கள் மொத்தம் 36 பேர். அவர்களில் இறந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு மரணத்தை வைத்து மனித குலத்துக்கே உபதேசம் செய்தார்கள்.

இதையெல்லாம் உதறிவிட்டுப் பார்த்தால் கையில் மிஞ்சுவது அடக்கமான ஒரு செய்தி. அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் கூப்பர் மையத்தின் பதிவேட்டில் இருந்த 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவு: நாளுக்கு 5 முதல் 10 நிமிடம், அதுவும் மெதுவாக, ஓடியவர்களிடம்கூட இறப்பு அபாயம் ஓடாதவர்களைவிடக் குறைவு. மொத்தத்தில் பார்த்தால், ஓடியவர்களிடம் எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 30 விழுக்காடும், இதய நோயால் நேரும் இறப்பு 45 விழுக்காடும் குறைவு. பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ள வெள்ளைக்காரர்கள் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஓட முடிகிற உடம்பு ஏற்கெனவே நல்ல உடம்பு என்பதையும் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் ஏதோ நிற்கிறது. பெரியப்பாவின் கட்சிக்கும் ஆதாரம் உண்டு. செலவாகும் ஆற்றல் சமமாக இருந்தால் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அபாயத்தை நடையும் ஏறக்குறைய அதே அளவு குறைக்கிறது என்று 2013-ல் வந்த ஒரு பெரிய ஒப்பீடு சொல்கிறது. ஓட்டத்துக்கு அந்த வேலைக்குப் பாதி நேரம்தான் பிடிக்கும், அவ்வளவே.

முட்டி விஷயத்தில் பெரியப்பாவை அப்படி லேசாக ஒதுக்க முடியாது. நடக்கும்போது முழங்கால் மூட்டின் மேல் விழும் உச்ச விசை நம் எடையைப் போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஓடும்போது எட்டு மடங்கு. எட்டு மடங்கு எடையை ஆயிரக்கணக்கான தடவை மோதவிட்டால் தேயாதா? தேய வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் வெளியான கணக்கு வேறு சொன்னது: இடுப்பு, முழங்கால் மூட்டு தேய்மானம் உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காடு, உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காடு, பந்தயத்துக்கென்று கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 விழுக்காடு. இதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். முட்டி வலித்தவர் ஓடுவதை நிறுத்தியிருப்பார். வலிக்காதவர்தான் ஓடுகிறவர் கணக்கில் மிஞ்சியிருப்பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அதனால்தான் 1984-ல் தொடங்கி ஒரே ஆட்களை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஓடியவர்களின் முட்டி மற்றவர்களுடையதைவிட அதிகம் தேயவில்லை. எக்ஸ்ரே எடுக்கப்பட்ட ஓட்டக்காரர்கள் 45 பேர்தான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் எட்டு மடங்கு எடைக்கு இது விளக்கம் கேட்கிற விடை.

விளக்கத்துக்கு முன், ஆசிரியர் கேட்பார் என்பதற்காக வரலாறு ஒரு பத்தி. லண்டனில் வில்லியம் ஹன்ட்டர் என்ற உடற்கூறு வல்லுநர் 1743-லேயே மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி எழுதி, அது கெட்டால் மீளாது என்று கைவிரித்துவிட்டார். சும்மா உடம்புக்காக ஓடுவது என்ற பழக்கத்தை நியூஸிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் பரப்ப, 1962-ல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அதை ஊருக்கு எடுத்துப் போனார். 1977-ல் ஜிம் ஃபிக்ஸ் எழுதிய புத்தகம் அமெரிக்காவையே ஓடவைத்தது. 1984-ல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் அவர் இறந்தார், வயது 52. ஓட்டத்தை எதிர்ப்பவர்கள் இன்றும் இதைச் சொல்வார்கள். அவருடைய அப்பா 43 வயதில் இதய நோயால் இறந்ததைச் சொல்ல மாட்டார்கள். மாரத்தான் ஓடி வந்த கிரேக்கத் தூதுவனை விட்டுவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கறிக்கடையில் ஆட்டுக்காலை மூட்டில் பிரித்துத் தரச் சொல்லி எலும்பின் முனையைப் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளையில் பளபளவென்று ஒரு மூடி இருக்கும், அதுதான் குருத்தெலும்பு. கட்டைவிரலை வைத்தால் வழுக்கும். கத்தி முனையால் குத்தினால் எலும்பு மாதிரி எதிர்க்காது, சதை மாதிரி கிழியவும் கிழியாது. கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு இறங்கும். அப்படியே மேசையில் ஒரு பகல் போட்டுவைத்தால் பளபளப்பு போய் மஞ்சளித்துச் சுருங்கிவிடும். போனது தண்ணீர். குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 விழுக்காடு தண்ணீர்தான். நம் முழங்காலில் அது சில மில்லிமீட்டர் தடிமன். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது, அதனால்தான் கெடத் தொடங்கும்போது சத்தமே இருக்காது, வலி தெரிவதற்குள் காரியம் முற்றிவிடும். ஆனால் உள்ளே உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ரத்தம் வராத இடத்தில் அவற்றுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது?

தயிர் வடையை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஊறிய வடையைக் கரண்டியால் மெல்ல அழுத்தினால் உள்ளே இருந்த தயிர் கசியும். கரண்டியை எடுத்தால் சுற்றியிருக்கும் தயிரை வடை மறுபடி குடித்துக்கொள்ளும். வெந்த உளுந்து மாவுதான் கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். கிண்ணத்துத் தயிர்தான் மூட்டுத் திரவம், முழங்காலில் அது ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிந்திருக்கும் மிளகுதான் செல்கள். கனஅளவில் சில விழுக்காடுதான், ஒவ்வொன்றும் தன் குழியில் தனியாக. குளுக்கோஸ் மாதிரி சின்ன மூலக்கூறுகள் அழுத்தாமலேயே ஊறி மிளகு வரைக்கும் போய்விடும். பெரியவற்றைக் கொண்டுசேர்க்க இந்தப் பிழிந்து விடுகிற வேலை உதவுகிறது. மேலே தூவிய காராபூந்திக்கும் கேரட் துருவலுக்கும் முட்டியில் ஏதாவது இணை அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

வடை இரண்டு இடத்தில் காலை வாருகிறது. இந்த விஷயத்தில் சுவையே அந்த இரண்டு இடம்தான். முதலாவது, வடை தயிரைச் சும்மா உறிஞ்சுகிறது. குருத்தெலும்பு தண்ணீரை மின்னேற்றத்தால் இழுத்து வைக்கிறது. கொலாஜன் பின்னலுக்குள் புரோட்டியோகிளைக்கான் என்ற பெரிய மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றின் மேலெல்லாம் எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளும், சோடியத்தை இழுக்கும், சோடியத்தின் பின்னாலேயே தண்ணீர் வரும். இவை விரியப் பார்க்க, கொலாஜன் இழைகள் இழுத்துப் பிடிக்க, குருத்தெலும்பு எந்நேரமும் விறைப்பாகவே இருக்கிறது. அதன் துளைகளோ நானோமீட்டர் அளவு. ஓடும்போது பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.25 நொடி. தண்ணீர் அந்தத் துளைகளில் நெருக்கியடித்து வெளியேறப் பார்ப்பதற்குள் கால் மேலே போய்விடும். ஆக, எட்டு மடங்கு எடை வந்து இறங்கும்போது அதில் பெரும்பங்கைத் தாங்குவது தப்பிக்க வழியில்லாத தண்ணீர்தான். ஆய்வகத்தில் அளந்தபோது அந்தப் பங்கு 90 விழுக்காட்டையும் தாண்டியது. இழைகளுக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான். அசையாமல் நெடுநேரம் நிற்கும்போதுதான் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து, சுமை இழைகளின் பக்கம் சாய்கிறது.

இரண்டாவது, மிளகு வடையைச் சுடுவதில்லை. இங்கே வடையைச் சுட்டதே மிளகுதான். புரோட்டியோகிளைக்கானைச் செய்து அடுக்குவது அந்தச் செல்களின் வேலை. எவ்வளவு செய்வது என்று அவை தெரிந்துகொள்வது தம் மேல் விழும் அழுத்தத்திலிருந்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் கன்றுக்குட்டியின் குருத்தெலும்பைச் சின்ன வில்லைகளாக வெட்டி ஆய்வகத்தில் அமுக்கிப் பார்த்தார்கள். ஒரே அழுத்தத்தில் பிடித்து வைத்தால் செல்கள் உற்பத்தியைக் குறைத்தன. அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, தாளகதியில் செய்தால் உற்பத்தி கூடியது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். அதே குருத்தெலும்புதான்; பிடித்து வைப்பதற்கும் தாளத்துக்கும் விடை நேர் எதிர். உயிருள்ள மனிதர்களிடமும் ஏறக்குறைய இதுதான் தெரிகிறது. முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களின் குருத்தெலும்பு, தேய்க்க யாருமே இல்லாமல், மெலிந்துபோகிறது. நெடுந்தூரம் ஓடியவரின் முட்டியை உடனே எம்.ஆர்.ஐ. எடுத்தால் சில விழுக்காடு மெலிந்திருக்கும். சில மணி நேரத்தில் பழையபடி ஊறிவிடும். முட்டியில் ஜவ்வு அறுவைச் சிகிச்சை ஆன நடுவயதினரைச் சுவீடனில் நான்கு மாதம் மிதமான உடற்பயிற்சி செய்ய வைத்தபோது, அவர்களுடைய குருத்தெலும்பின் தரம் மேம்பட்டதாக 2005-ல் வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் உற்சாகத்துக்குக் கடிவாளம் போட ஒரு செய்தி இருக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது; 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. உடம்பில் ஒரு பொருள் எந்த ஆண்டில் உருவானதோ, அந்த ஆண்டின் கார்பன் அதில் பதிந்திருக்கும். மூட்டு மாற்று சிகிச்சையில் வெட்டி எடுத்த முட்டிகளை இப்படிச் சோதித்து 2016-ல் வெளியிட்டபோது தெரிந்தது: வளர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் கொலாஜன் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. பள்ளிக்கூட வயதில் பின்னிய பின்னல்தான் கடைசி வரைக்கும். நடுவில் நிரப்பியிருக்கும் புரோட்டியோகிளைக்கானை மாற்றிக்கொள்ளலாம், பின்னலை மாற்ற முடியாது. ஹன்ட்டர் முழுக்கத் தவறில்லை.

அப்படியானால், மாற்ற முடியாத பின்னல் எட்டு மடங்கு எடையைத் தாங்கும் கணக்கு எப்படி நேராகிறது? மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ராஸ் மில்லர் குழுவினர் 2014-ல் ஒரு விடை சொன்னார்கள். ஓடும்போது உச்ச விசை அதிகம், ஆனால் பாதம் தரையில் இருக்கும் நேரம் குறைவு, காலடிகளும் நீளம். ஒரு கிலோமீட்டருக்குக் கூட்டிப் பார்த்தால் முட்டி சுமப்பது நடையிலும் ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றே. பெரியப்பா ஐந்து கிலோமீட்டர் நடந்தால், அதே தூரம் ஓடுகிறவரின் முட்டி சுமப்பதைத்தான் ஏறக்குறைய அவர் முட்டியும் சுமக்கும். கச்சிதமான விடை. ஆனால் 2020-ல் அதே மில்லரே இன்னொரு கணினி மாதிரி போட்டு, இது மட்டும் போதாது, குருத்தெலும்பு ஓட்டத்துக்கு ஏற்பத் தன்னைப் பலப்படுத்திக்கொண்டால்தான் ஆயுள் முழுக்கத் தாங்கும் என்றார். தன் அழகான விடையைத் தானே கலைக்கிற ஆய்வாளரை நம்பலாம் என்பது என் கட்சி.

மூட்டுக்கென்று விற்கும் மருந்துக்கடைப் பவுடர்களுக்கும் மாத்திரைகளுக்கும் வருவோம். தின்கிற கொலாஜன் குடலில் அமினோ அமிலமாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்துக்குப் போகும். குருத்தெலும்புக்கோ ரத்தமே போவதில்லை. குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் மொத்தத்தில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை என்று முட்டி வலிக்காரர்கள் 1,583 பேரிடம் நடத்திய அமெரிக்கச் சோதனை 2006-லேயே சொல்லிவிட்டது. விற்பனை என்னவோ குறையவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு ஓட்டக்காரர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்த 532 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த விதிப்படி 13 வாரமும், மற்றவர்களுக்கு வழக்கமான முறையில் 8 வாரமும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். ஷூ விளம்பரம் எதுவும் இந்த எண்ணைச் சொல்வதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநார், எலும்பு, குருத்தெலும்பு எல்லாம் மாதக் கணக்கில்தான் பழகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று இரண்டாவது மாதத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், நடுநடுவே நடை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கடிதம் எழுதியவர் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டார், முட்டி வீங்கியதாகவும் சொல்லவில்லை; தாராளமாகத் தொடரலாம். ஓடிய மறுநாள் முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது சிக்கிக்கொண்டாலோ, படி இறங்கும்போது கால் விட்டுப்போனாலோ எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது ஜவ்வுக் கிழிசலாக இருக்கலாம். அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.