லோரிப் பலகைக்குக் கறுப்பு எண்ணெய் பூசினால் போதுமா?

கிள்ளான், ஈப்போ, சிரம்பான் என எந்த ஊர்த் தொழிற்பேட்டைக்குப் போனாலும் பலகைத் தளம் போட்ட மூன்று டன் லோரிகள் வரிசையாக நிற்கும். பழைய இரும்பு, வீட்டுத் தளவாடம், மணல், பூச்செடி, திருவிழா நேரத்தில் பந்தல் சாமான் எல்லாம் ஏறி இறங்குவது அந்தப் பலகையின் மீதுதான். ஒற்றை லோரியை நம்பிப் பிழைக்கும் சிறு வியாபாரக் குடும்பங்கள் நம்மவரிடையே ஏராளம். எஞ்சின் எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுகிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். பலகையை மட்டும் உடைந்த பிறகுதான் குனிந்து பார்க்கிறார்கள்.

உளுத்த பலகை சும்மா நிற்கும் வண்டியில் உடையாது, பாரம் அழுத்தும்போதுதான் உடையும். குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்து வரும் தொழிலாளியின் கால் உள்ளே இறங்கினால், கீழே இருப்பது இரும்புச் சட்டம். 2024 ஜூன் 1 முதல், திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் உள்ளடக்குகிறது. இரண்டு ஆள் வைத்து வண்டி ஓட்டும் முதலாளிக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

மரம் ஏன் உளுக்கிறது?

வெயிலும் மழையும் பலகையின் நிறத்தை மாற்றும், மேற்பரப்பை வெடிக்க வைக்கும். ஆனால் மரத்தைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதில் வேர்கொள்ள முடியாது. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நனையாமல் காப்பது நடவாத காரியம். நனைந்த பலகை சீக்கிரம் காய வேண்டும் என்பதே நம் கையில் இருக்கும் வழி.

தண்ணீர் பலகையின் முகப்பு வழியாக மெதுவாகத்தான் இறங்கும். அறுபட்ட நுனி வழியாகவோ உறிஞ்சுகுழல் போலப் பல மடங்கு வேகத்தில் ஏறும். அதனால்தான் நடுப்பலகை பார்க்கக் கல் மாதிரி இருக்கும்போதே இரு முனைகளும், போல்ட் துளைகளும், குறுக்குச் சட்டத்தின் மேல் படியும் இடங்களும் முதலில் மக்குகின்றன. பலகை இடுக்குகளில் அடைந்திருக்கும் மணலும் மண்ணும் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். கூர்மையான இரும்புத் துண்டால் இடுக்கைக் கிளறிச் சுத்தம் செய்வது காசு செலவில்லாத வேலை. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

மர வகையும் முக்கியம். செங்கால் இயல்பிலேயே உறுதி மிக்கது, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். லோரித் தளத்துக்கு அதிகம் பயன்படுவது கெருயிங், கெம்பாஸ், காப்பூர் போன்ற நடுத்தர வன்மரங்கள். கெருயிங்குக்கு வெளிநாட்டிலும் மவுசு உண்டு. அமெரிக்கர்கள் தங்கள் டிரெய்லர் தளங்களுக்கு விரும்பிக் கேட்கும் ‘அப்பிட்டோங்’ இதே இனத்து மரம்தான். பிலிப்பீன்ஸில் வழங்கும் பெயர் அங்கே நிலைத்துவிட்டது.

ஒரே மரத்திலும் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. உள்ளே வன்மை உடையதை மரம் என்றும், வெளியே வன்மை உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்துக் காட்டும். தச்சர்கள் அந்த உள்வன்மையை ‘வைரம்’ என்பார்கள், அதைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதியை ‘வெளிறு’ என்பார்கள். எவ்வளவு உயர்ந்த சாதி மரமானாலும் வெளிறு சீக்கிரம் உளுக்கும். மரக்கடையில் பலகை வாங்கும்போது ஓரத்தில் நிறம் வெளுத்த பட்டை ஓடுகிறதா என்று பார்த்து, அதை ஒதுக்கிக் கேளுங்கள்.

கறுப்பு எண்ணெய் எனும் வழக்கம்

எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பலகையில் பூசுவது நம்மிடையே பரவலான பழக்கம். இலவசமாகக் கிடைக்கிறது, பூசியதும் பலகை கறுத்துப் பளபளக்கிறது, தண்ணீர் சில நாள் ஒட்டாமல் ஓடுகிறது. ஆனால் பூஞ்சையைக் கொல்லும் மருந்து எதுவும் அதில் இல்லை. அது காய்ந்து இறுகுவதும் இல்லை. மழை பட்டதும் தளம் வழுக்கும், ஏற்றிய சோபாவில் கறை படியும், மிச்சம் கால்வாயில் போய்ச் சேரும். பயன்படுத்திய மசகெண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. அதைக் கண்ட இடத்தில் ஊற்றுவதும் பூசுவதும் சரியல்ல.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். உளுத்த பலகைக்கு மேல் பிளைவுட்டோ இரும்புத் தகடோ அடித்து மூடிவிடுவது. மேலே பார்க்கப் புதிது போலிருக்கும். இடையில் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் பலகையும் சட்டமும் சேர்ந்தே அழியும். தளம் முழுவதையும் இரும்பாக மாற்ற நினைத்தால் வண்டியின் வெற்று எடை கூடும், ஏற்றக்கூடிய பாரம் குறையும். உடலமைப்பை மாற்ற ஜேபிஜேயின் ஒப்புதலும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். திருப்புளியால் பலகை முனைகளையும் போல்ட் ஓரங்களையும் குத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும், சிறு சிம்பாக உரியும். உளுத்தது வெண்ணெய் போல வழிவிடும். சுத்தியலால் தட்டினால் மந்தமான ஓசை வரும். அப்படிப்பட்ட பலகையைச் சிமெண்டு, புட்டி என்று அடைக்காமல் கழற்றி மாற்றுவதே நல்லது. கழற்றியதும் வெளிப்படும் இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புச் சாயம் பூச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

புதுப் பலகையைப் பொருத்துமுன், நான்கு பக்கமும், அறுத்த நுனியிலும், துளையின் உட்புறத்திலும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த மர எண்ணெய் பூசுங்கள். பொருத்திய பிறகு மேலே மட்டும் பூசுவது பாதி வேலை. நன்கு காய்ந்த பலகை என்றால் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். பச்சைப் பலகையை நெருக்கியே வைக்கலாம், காயும்போது தானாகச் சுருங்கி இடைவெளி தரும். போல்ட்டுகள் துத்தநாக முலாம் பூசியவையாக இருக்கட்டும். கெம்பாஸ், காப்பூர் இரண்டும் அமிலத் தன்மை உடையவை. ஈரத்தில் சாதா இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்தப் பலகைத் துண்டுகளை அடுப்பெரிக்கக் கொடுக்காதீர்கள், புகை நச்சு.

பழைய பலகை உறுதியாகவே இருந்தால், கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டுப் பூசினால் போதும். தினமும் ஓடும் வண்டிக்கு அது சிரமம்தான், பெருநாள் விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். நீரழுத்தக் குழாயை மிக அருகில் பிடித்தால் நார் கிளம்பிவிடும். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், சாமான் உரசும் இடத்தில் ஒரே மாதத்தில் உரிந்து, உரிந்த ஓரத்தில் தண்ணீர் புகும். வெறும் ஆளி விதை எண்ணெயும் நம் ஈரக் காற்றில் கரும்பூசணம் பிடிக்கும். தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் பலகை குடிக்கத் தொடங்கும்போது மறுபூச்சு தேவை. வர்த்தக வாகனங்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் பரிசோதனைக்குச் சில வாரம் முன்பு பார்த்துக்கொண்டால் தேதி மறக்காது.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி வாளியிலோ லோரி முன்னறையிலோ போட்டுவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காற்றுடன் சேர்ந்து காயும்போது சூடாகும். குவிந்து கிடந்தால் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டின்னில் வைக்க வேண்டும்.