வண்டியை இறக்கத்தில் பாருங்கள்

பாவித்த கெப் ஒன்றை வாங்க வருபவர் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பெரும்பாலும் ஒரே சோதனையைத்தான் செய்கிறார். நாலு பேரை ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருக்கும் ஏற்றத்தில் மிதித்துப் பார்க்கிறார். வண்டி திணறாமல் ஏறிவிட்டால் விலை பேச உட்கார்ந்துவிடுகிறார். விற்பவருக்கும் இது தெரியும். அதனால் எஞ்சினுக்குத்தான் செலவு செய்திருப்பார். போனட்டைத் திறந்தால் முகம் பார்க்கலாம். பிரேக் குழாயை யாரும் துடைத்து வைப்பதில்லை.

ஏற முடியாத வண்டி நின்றுவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஆள் கூப்பிடலாம். இறக்கத்தில் பிடிக்காத வண்டியில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. தோட்டத்து வேலைக்கு வண்டி தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இது எப்படி இறங்கும் என்பதைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து தேயிலை ஸ்டோருக்கு 300 மீற்றர் உயர வித்தியாசம். வண்டியும் சுமையுமாக இரண்டரை டன். அவ்வளவு உயரத்திலிருந்து கீழே வரும்போது அந்த எடை இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 7.4 மெகாஜூல். 20 லீற்றருக்கும் அதிகமான குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். டயர் உராய்விலும் காற்றிலும் ஒரு பகுதி போகிறது. மீதி எங்காவது வெப்பமாகித்தான் தீர வேண்டும். முழுவதையும் பிரேக்கிடம் ஒப்படைத்தால் நாலு சக்கரத்திலும் சேர்த்து முப்பது கிலோ சொச்சம் இரும்புதான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். காற்று கொஞ்சமும் ஆற்றவில்லை என்று வைத்துக்கொண்டால், இரும்பின் வெப்பநிலை 400 பாகை வரை ஏறும். காற்று ஆற்றத்தான் செய்கிறது. ஆனால் மணிக்கு 15 கிலோமீற்றரில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்குக் கிடைக்கும் காற்று எவ்வளவு?

சூடேறினால் மூன்று காரியம் நடக்கிறது. லைனிங்கின் பிடி குறைகிறது. டிரம் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகுகிறது. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது, மோசமானதும் அதுதான்: பிரேக் ஒயில் கொதிக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் அது 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தலாம், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் அடிவரை இறங்கிவிடும். வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் நிற்கும் வண்டியில் ஐந்தாறு வருடமாக மாற்றாத ஒயில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூடியைத் திறந்து பாருங்கள். தேயிலைச் சாயம்போல் இருந்தால், வாங்கிய அன்றே மாற்றுங்கள். பிறகும் இரண்டு வருடத்துக்கொரு தடவை. செலவு அற்பம்.

மலையில் மட்டும் வரும் இன்னொரு சங்கதி உண்டு. நல்ல மெக்கானிக் பாஸ்மாரில்கூட இதைச் சொல்பவர் குறைவு. பிரேக்கை மிதிக்க நமக்கு உதவும் பூஸ்டர், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலை செய்வது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். ஆகவே பூஸ்டரின் உதவியும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைகிறது. கொழும்பில் மிருதுவாகப் பிடித்த பிரேக் இங்கே கல்லாகத் தெரிவது பிரமை அல்ல. டீசல் வண்டிகளில் வெற்றிடத்தை உண்டாக்கத் தனிப் பம்ப் உண்டு. அது தேய்ந்த வண்டியை கீழ்நாட்டில் ஓட்டிப் பார்த்து வாங்கினால் குறை தெரியாது. எஞ்சின் ஓடும்போது அடுத்தடுத்து நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பெடல் இறுகிக்கொண்டே போனால் பம்பிலோ குழாயிலோ பழுது.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயாவில், ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில் கொழும்புப் பாடசாலை மாணவர்களின் சுற்றுலா பஸ் ஒன்று வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். பஸ்ஸில் பிரேக் செயலிழந்ததாகவே செய்திகள் வந்தன. அந்தப் பாதையை அறிந்த நம்மூர் சாரதிகள் மேலிருந்தே சின்னக் கியரில்தான் இறக்குவார்கள். ஏறும் கியரிலேயே இறங்கு என்பது பழைய லொறிக்காரர் பாடம். எஞ்சினை வண்டி தள்ளும்போது, போகவேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே விடுகிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டாவில் கிடைத்த சொற்ப லீற்றரை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி இறக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. அதில் மிச்சம்கூட இல்லை. கியரில் இறங்கும்போது டீசல் பம்ப் எரிபொருளை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிகிறது.

இனி ஏற்றம். நுவரெலியாவின் குளிரையும் கணக்கில் எடுத்தால் அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட 17 சதவீதம் அளவு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். கொழும்புக்கு ஏற்ப டீசல் அளவை வைத்த பம்ப் இங்கும் அதே டீசலை ஊற்றும். எரிக்கக் காற்றுப் போதாமல் கறுப்புப் புகை வரும். ஆக, கறுப்புப் புகையைக் கண்டதும் எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நீலப் புகைதான் ஒயிலைக் குடிக்கும் எஞ்சினின் அடையாளம்.

டிமோ பட்டா என்று நாம் கூப்பிடும் டாட்டா ஏஸை எடுத்துக்கொள்வோம். மரக்கறிக்காரர்களின் செல்லப்பிள்ளை. முதலில் வந்த வகைக்கு இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைவலு. நுவரெலியாக் காற்றில் அது 13 குதிரைவலு என்று வைத்துக்கொள்ளலாம். கியர்களில் இழப்பதைக் கழித்தால், வண்டியோடு சேர்த்து ஒன்றரை டன் எடையை எட்டுக்கு ஒன்று சரிவில் அது மணிக்கு 13 அல்லது 14 கிலோமீற்றரில் ஏற்றும். தார் போட்ட பாதையில், சொன்ன சுமைக்குமேல் ஏற்றாமல் வேலை வாங்கினால் அது போதும். கரட்டும் லீக்ஸும் அவசரப்படுவதில்லை. இரண்டு மடங்கு மூட்டை அடுக்கிவிட்டு வண்டியைத் திட்டுவதில்தான் நியாயமில்லை.

தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே முதலில் தீர்வது வலு அல்ல, பிடி. தென்மேல் பருவமழையில் வட்டவளையும் கினிகத்தேனையும் எப்படி நனையும் என்பது ஊரறிந்தது. நனைந்த களிமண்ணில் டயரின் பிடி, அதன்மேல் இருக்கும் எடையில் பத்துக்கு மூன்று பங்கு என்று கொள்வோம். ஐந்துக்கு ஒன்று சரிவில் ஏற, மொத்த எடையில் பத்துக்கு இரண்டு பங்கு இழுவிசை வேண்டும். பின்சக்கரம் மட்டும் சுற்றும் வண்டியில் அந்தச் சக்கரங்கள்மேல் பாதி எடைதான்; ஏற்றத்தில் பின்னால் சாய்வதால் இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் கிடைக்கும் பிடி பத்துக்கு ஒன்றரையைச் சற்றே தாண்டும். ஏறாது. நாலு சக்கரமும் சுற்றினால் பத்துக்கு மூன்று, ஏறும். எஞ்சின் எவ்வளவு பெரிது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. 200 குதிரைவலு இருந்தாலும் சேறுதான் தெறிக்கும்.

பிரேக்குக்கு இந்த இலாபம் கிடையாது. எந்த வண்டியிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும் உண்டு. நாலு வீல் வண்டி என்பதால் சேற்றில் அது சீக்கிரம் நிற்காது. ஆனால் நாலு வீலைப் போட்டுச் சின்னக் கியரில் இறக்கினால் எஞ்சினின் பிடி நாலு சக்கரத்துக்கும் பகிரப்படுகிறது, பின்சக்கரம் மட்டும் சறுக்கி வண்டி குறுக்கே திரும்புவது குறைகிறது. லோ கியர் உள்ள ஹைலக்ஸ் போன்ற வண்டியில் அந்தக் கியர் வேகத்தை இரண்டரை மடங்கு சுருக்கிவிடும். பிரேக்கைத் தொடாமலே நடைவேகத்தில் இறங்கலாம். மேல் டிவிஷனில் வேலை என்றால் இந்த லோ கியருக்காகவே நான் பத்து வருடம் பழைய வண்டியையும் வாங்கச் சொல்வேன்.

அது உண்மையில் வேலை செய்கிறதா என்பது வேறு விஷயம். வருடக்கணக்கில் போடாமல் விட்டதால் லீவர் இறுகிப்போன வண்டிகள் உண்டு. முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு விற்பவரும் உண்டு. ஈரமான புல்லில் நிறுத்தி, லோ போட்டு, முன்சக்கரமும் சுற்றுகிறதா என்று இன்னொருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த தாரில் இந்தச் சோதனை வேண்டாம். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் கியர்பெட்டியை முறுக்கும்.

தோட்டத்து ஜீப் என்றால் பலருக்கு நினைவில் நிற்பது பெரிய துரையின் லேண்ட் ரோவர். அது பிறந்ததே ஒரு பாவித்த வண்டியால்தான். ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் இராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பதிலாக, 1947இல் அந்த ஜீப்பின் சேசியிலேயே முதல் மாதிரியைக் கட்டினார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது.

போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. ஆகவே பொடிக்கு அலுமினியக் கலவையைப் போட்டார்கள். பழைய லேண்ட் ரோவரின் தகடு இன்றும் மழையைத் தாங்கி நிற்பது அதனால். ஆனால் சேசியும் முன் தடுப்புச் சுவரும் உருக்குத்தான். அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு இன்னும் வேகமாகும். வெளியே பளிச்சென்றிருக்கும் வண்டியின் அடியில் படுத்து, சேசியைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் சரி. மந்தமான சத்தம் வந்தால் துரு தின்றிருக்கிறது. புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேசியைத்தான் அதிகம் தட்ட வேண்டும்.

லேண்ட் ரோவரை வாங்குகிறவர் அறிய வேண்டிய ஒன்று ஹேண்ட்பிரேக். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குப் பின்னாலுள்ள ஷாஃப்டைப் பிடிக்கிறது. சரிவில் நிறுத்திப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரென்ஷியல் மற்றச் சக்கரத்தை உருள விட்டுவிடும். ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே வண்டி கிளம்பும். டயர் மாற்றுமுன் கல் வைப்பது இந்த வண்டிக்குக் கட்டாயம்.

இப்போது சந்தையில் நிற்கும் வண்டிகள் எங்கிருந்து வந்தவை? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. பழையது இன்னும் பழையதாகி, விலை மட்டும் ஏறியது. ஜப்பானின் பனி பெய்யும் பகுதியிலிருந்து வந்த வண்டியில், அங்கே பாதையில் தூவும் உப்பு அடிப்பகுதியைத் தின்றிருக்கலாம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது மூழ்கிய வண்டிகளும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட்பெல்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். மீட்டர் காட்டும் கிலோமீற்றரை நான் நம்புவதில்லை. திருத்தியிருக்கலாம் என்பது ஒரு காரணம். புத்தளம் பாதையில் ஓடிய ஆயிரம் கிலோமீற்றரும் பொகவந்தலாவையில் ஓடிய ஆயிரமும் ஒன்றல்ல என்பது மற்றது.

எதை ஏற்றப் போகிறீர்கள் என்பதும் வண்டியைத் தீர்மானிக்கும். கொழுந்து பறித்த பின்னும் சுவாசிக்கிறது, வெப்பத்தை விடுகிறது. அமுக்கிக் கட்டி தார்ப்பாயால் மூடினால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் சாக்குக்குள்ளேயே சிவந்துவிடும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே கொழுந்துக்குத் தேவை எடை தாங்கும் வண்டியைவிட இடமும் காற்றோட்டமும் உள்ள வண்டி. பக்கம் கம்பியடித்த நீளப் பெட்டி நல்லது. உரமூட்டைக்கு நேரெதிர்: சின்னப் பெட்டி, பலமான ஸ்பிரிங். டபள் கெப்பில் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். கல்யாண வீட்டு வாசலில் நிறுத்த அது அழகு. வேலைக்கு சிங்கிள் கெப். நீளம் கூடியது வளைவில் இரண்டு தடவை பின்வாங்கித் திரும்ப வேண்டியிருக்கும். விளிம்பில் பின்வாங்கும்போது கிளச்சும் ஹேண்ட்பிரேக்கும் ஒருசேர நம்பகமாக இருக்க வேண்டும்.

பிரசவ வலி எடுத்தவளைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை இல்லாத லயம் மலையகத்தில் அபூர்வம். 2016இல் தொடங்கி பிறகு நாடு முழுவதற்கும் வந்த 1990 அம்புலன்ஸ் சேவை பெரிய உதவி. ஆனால் கல்பாதை தொடங்கும் இடம் வரைதான் அதுவும் வரும் தோட்டங்கள் இருக்கின்றன. மேல் டிவிஷனில் ஒருவர் கெப் வாங்கினால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ராத்திரி கதவைத் தட்டப்போவது அவர் வீட்டைத்தான். ஆகவே ஹெட்லைட்டையும் மார்கழிக் குளிரில் விடியற்காலை ஸ்டார்ட் ஆவதையும் சேர்த்தே பாருங்கள். விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைக்குமுன் போய்ச் சேர்ந்து போனட்டைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. பழைய டீசலில் குளோ பிளக் போயிருந்தால் அப்போதுதான் தெரியும்.

கடைசியாக வண்டியின் பதிவுப் புத்தகம். சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டியில் ஜப்பானிய டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கண்ணால் காணும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.