பலாலி விமானப் பயணம்: தூரமும் நேரமும் பயணியின் உரிமையும்

இரத்மலானை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 355. வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி சுமார் 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் அதற்கு எட்டு மணி நேரமாவது ஆகும்.

பலாலி 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமானது. அங்கிருந்து சென்னைக்குப் பறப்பவை பெரும்பாலும் ஏடிஆர் வகைச் சுழல்விசிறி விமானங்கள். மணிக்கு சுமார் 500 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் போதும். ஆனால் பயணச்சீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறிக்கப்பட்டிருக்கும். விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் தரித்து நிற்கும் வரையான முழு நேரமும் அதில் அடங்குவதே காரணம்.

நட்டஈடு இந்த நேரத்தைப் பொறுத்தே அமைகிறது. இந்திய விமான நிறுவனம் உரிய முன்னறிவித்தலும் மாற்று ஏற்பாடும் இன்றிச் சேவையை இரத்துச் செய்தால், அந்நாட்டு விதிப்படி ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 இந்திய ரூபாயும், இரண்டு மணி நேரம் வரையானதற்கு 7,500 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 10,000 ரூபாயும் உச்சவரம்பு. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவானால் அத்தொகையே கிடைக்கும். சென்னைப் பயணம் இரண்டாம் பிரிவில் வரும். புயல் போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு நட்டஈடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ தொகை தூரத்தைப் பொறுத்தது: 1,500 கிலோமீற்றர் வரை 250 யூரோ.

பயணப்பொதிக்கு 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை பொருந்தும். இலங்கை, இந்தியா இரண்டும் அதில் இணைந்துள்ளன. பொதி சேதமடைந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் வராத பொதிக்குத் தொலைந்ததாகக் கருதி நட்டஈடு கோரலாம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இரத்மலானை–பலாலி போன்ற உள்நாட்டுப் பயணத்தை இவ்வுடன்படிக்கை கட்டுப்படுத்தாது. அங்கே பயணச்சீட்டின் நிபந்தனைகளும் உள்நாட்டுச் சட்டமுமே வழி. சிறிய விமானங்களில் பொதியின் எடை வரம்பும் குறைவு என்பதால் அதை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

பெரிய ஆபத்து இணைப்புப் பயணத்தில் இருக்கிறது. பஸ் பிந்தி விமானம் தவறினால் விமான நிறுவனம் பொறுப்பல்ல. தனித்தனிச் சீட்டில் சென்னையிலிருந்து வேறு விமானம் ஏறுவோருக்கும் இதே நிலைதான். விமானம் மாறுவோர் ஒரே பதிவில் முழுப் பயணத்தையும் எடுப்பதும், பஸ்ஸில் வருவோர் முந்திய நாளே யாழ்ப்பாணம் சேர்வதும் பாதுகாப்பு.

முறைப்பாட்டை முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து, அதன் இலக்கத்தைப் பெற வேண்டும். பொதி தொடர்பான முறைப்பாட்டை நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பதிவுசெய்வது நல்லது. பயணச்சீட்டு, ஏறும் அட்டை, பொதிச் சிட்டை, நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகியவையே சான்றுகள். தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையை நாடலாம். இந்திய நிறுவனமானால் ஏர்சேவா இணையத்தளத்திலும் பதியலாம். இலங்கையில் முகவரோ நிறுவனமோ வழங்கிய சேவையில் குறை இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977.